நீராழி மண்டபத்துக் கயிறுகள்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். பெயரை மட்டும் சொல்கிறேன், வெற்றிவேள். நல்ல மனிதர். வரியை அளவாக வாங்கினார், போரை அளவாக நடத்தினார், சாப்பாட்டில் மட்டும்தான் கொஞ்சம் அளவு தெரியாது. அவரிடம் ஒரு குணம் உண்டு. எதைப் பார்த்தாலும் "அது என்ன, ஏன் அப்படி?" என்று மூக்கை நுழைக்காமல் இருக்க மாட்டார். பல்லக்கில் போகும்போது தெருவில் நாலு பேர் கூடி நின்றால் போதும், பல்லக்கை இறக்கச் சொல்லிவிட்டு அவரும் கூட்டத்துக்குள் புகுந்து எட்டிப் பார்ப்பார். புதிதாக ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் முந்தையது சுத்தமாக மறந்துபோகும்.

மறந்தால் என்ன, யாராவது ஞாபகப்படுத்தலாமே என்கிறீர்களா? அங்கேதான் வம்பு. அந்த அரண்மனையில் ராஜாவின் பாட்டனார் காலத்திலிருந்தே ஒரு வழக்கம் இருந்தது. ராஜாவிடம் ஒரு கேள்வியை ஒரே ஒரு தடவைதான் கேட்கலாம். அதையே மறுபடி கேட்டால், "நீங்கள் மறந்துவிட்டீர்கள்" என்று ராஜாவின் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். ராஜா மறப்பாராவது! அது பெருங்குற்றம். ஆகவே கேட்டவர்கள் கேட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பார்கள். சிலருக்கு அந்த வாழ்நாளில் பதில் வந்ததில்லை.

அப்படிப்பட்ட வெற்றிவேளுக்கு ஒரு ஆசை வந்தது. தெப்பக்குளத்தின் நடுவே ஒரு நீராழி மண்டபம் கட்ட வேண்டும். சுற்றிலும் தண்ணீர் நிற்க, தாம் நடுவில் உட்கார்ந்து, மீன்கள் நாளெல்லாம் என்னதான் செய்கின்றன என்று பார்க்க வேண்டும். குளத்தின் நடுவே கட்டுவதென்றால் குளம் வற்றியிருக்கும்போதே கட்டி முடித்தாக வேண்டும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அடுத்த கோடை வரைக்கும் ஒரு கல்லைக்கூட நகர்த்த முடியாது. எனவே சித்திரையிலேயே தண்ணீரை இறைத்து, வேலையை ஸ்தபதி வயிரவ ஆசாரியிடம் ஒப்படைத்தார்கள்.

வயிரவ ஆசாரி கெட்டிக்காரர், பேச்சுக் குறைவு. சந்தனக் கட்டையில் சின்னதாக ஒரு மாதிரி மண்டபம் செதுக்கிக்கொண்டு சபைக்கு வந்தார். ராஜாவும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மகிழ்ந்தார். ஆசாரி பணிவாகக் கேட்டார்.

"மகாராஜா, படிக்கட்டை எந்தத் திசையில் வைக்க வேண்டும்?"

அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்து வியாபாரி ஒருவர் நெருப்புக்கோழி முட்டை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அவ்வளவு பெரிய முட்டையை ராஜா அதுவரை கண்டதில்லை. காதில் வைத்துப் பார்த்தார், விரலால் தட்டிப் பார்த்தார்.

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார். ஆசாரி கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த முட்டையைச் சபையின் தூண் ஒன்றில் பட்டுக் குஞ்சம் கட்டித் தொங்கவிட்டார்கள்.

ஆடி மாதம் ராஜா குளக்கரைக்குப் போனார். ஆசையோடு எட்டிப் பார்த்தால் குளத்துக்குள் மண்டபத்தைக் காணோம். ஆட்கள்தான் இருந்தார்கள். கல்தச்சர்கள் கல்லின்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். சுதைக்காரர்கள் படுத்திருந்தார்கள். கொத்தர்கள் இரண்டு பேர், தூணாக வேண்டிய கல்லில் கட்டம் கிழித்து ஆடுபுலி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மழவராயரே இது?" என்று ராஜா பிரதானியைக் கேட்டார்.

தலைமை மந்திரியான பிரதானி மழவராயருக்குத் தாடி நீளம், நாக்கு அதைவிட நீளம். "ஆள் போதவில்லை, அரசே. இன்னும் இவ்வளவு பேரைச் சேர்த்தால் வேலை பறக்கும்" என்றார்.

சேர்த்தார்கள். ஆவணியில் ராஜா போய்ப் பார்த்தார். முன்பு உட்கார்ந்திருந்ததைப்போல் இரண்டு பங்கு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நிழல் போதாமல் அவர்களுக்குள் தள்ளுமுள்ளு வேறு.

"சுறுசுறுப்பு இல்லை, அரசே. மேளம் வைத்தால் கை தானாக ஓடும்" என்றார் மழவராயர். மேளமும் வைத்தார்கள். புரட்டாசியில் ராஜா போனபோது மேளம் பிரமாதமாக நடந்துகொண்டிருந்தது. ஆட்கள் தாளம் போட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். குளத்தின் நடுவே கல் ஒன்றுகூட எழும்பவில்லை. வடகிழக்கில் மேகம் கறுப்புக் கட்டத் தொடங்கியிருந்தது.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மறுநாள் சபையில் மழவராயர் எழுந்து நின்றார்.

"அரசே, இனி மறைப்பதில் பயனில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் அந்த வயிரவ ஆசாரிதான். சோம்பேறி. காரணமானவனைக் குளக்கரையில் நிறுத்திக் கசையடி கொடுத்து, குடும்பத்தோடு நாட்டைவிட்டே துரத்தினால்தான் மற்றவர்களுக்குப் புத்தி வரும்."

சபையே தலையாட்டியது. ஓரத்தில் மட்டும் 'களுக்'கென்று ஒரு சிரிப்பு. வேறு யார்? விகடகவி சிட்டையன்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். அந்தச் சம்பளத்தின்மேலும், ராஜா அவருக்குப் பக்கத்தில் ஆசனம் போட்டுக் கொடுத்ததன்மேலும் மழவராயருக்கு நெடுநாளாக வயிற்றெரிச்சல்.

"சிட்டையா, உனக்கு என்னடா சிரிப்பு?" என்றார் ராஜா.

"ஒன்றுமில்லை, மகாராஜா. ஆசாரியார் சோம்பேறி என்றால் உட்காருகிறவர் அவர் ஒருவராகத்தானே இருக்க வேண்டும்? ஊரே உட்கார்ந்திருக்கிறதே, அது ஏன் என்று யோசித்தேன்."

மழவராயருக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? "அப்படியானால் விகடகவியாரே உண்மைக் குற்றவாளியைப் பிடித்துத் தரட்டும், அரசே! வெறும் வாயால் பேரைச் சொன்னால் போதாது. குற்றவாளியைக் கயிற்றால் கட்டிச் சபையில் காட்ட வேண்டும். முடியாவிட்டால் ஆசாரிக்கு என்ன தண்டனையோ அது சிட்டையனுக்கும்."

"அருமை!" என்றார் ராஜா. "சிட்டையா, வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்குள் என் மண்டபத்தை நிறுத்தி வைத்தவன் எவனோ அவன் இந்தச் சபையில் கயிற்றோடு இருக்க வேண்டும். இல்லையேல் நீயும் ஆசாரியும் கசையடி வாங்கிக்கொண்டு நாட்டைவிட்டுப் போக வேண்டியதுதான்."

சிட்டையன் எழுந்து கும்பிட்டார். "உத்தரவு, மகாராஜா. பண்டசாலையிலுள்ள கயிறு அத்தனையும் வேண்டும்" என்றார்.

"அத்தனையுமா? ஒருவனைக் கட்ட எதற்கடா அத்தனை கயிறு?"

"எவன் என்று இன்னும் தெரியாதே, மகாராஜா. அதுவரை எல்லாரையும் கட்டி வைக்கிறேன்."

ராஜாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. எல்லாரையும் கட்டுவதா? எப்படிக் கட்டுவான்? எதோடு கட்டுவான்? வண்டி வண்டியாகத் தேங்காய்நார்க் கயிறு குளக்கரைக்குப் போவதை மாடத்திலிருந்து பார்த்தார். வியாழக்கிழமை இலையில் போட்ட பால்பாயசத்தைத் தொடாமல் எழுந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை காலையில் அவரால் பொறுக்க முடியவில்லை. பல்லக்குக்குக்கூடக் காத்திராமல், கழலணிந்த காலோடு நடந்தே குளத்துக்குப் போய்விட்டார்.

அடடா, அந்தக் காட்சியை என்னவென்று சொல்ல! குளம் முழுக்கக் கயிறு. ஒவ்வொரு ஆள் இடுப்பிலும் கயிறு. குறுக்கும் நெடுக்குமாக, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு. ஒருவர் எழுந்து வெற்றிலை துப்பப் போனால் அடுத்தவரும் கூடவே இழுபட்டுப் போனார். சிட்டையனை மட்டும் காணோம்.

ராஜா குனிந்து நிமிர்ந்து, கயிறுகளுக்கு நடுவே புகுந்து, ஒரு சுதைக்காரரிடம் போனார்.

"யாரப்பா உன்னைக் கட்டியது?"

"ஒருத்தரும் கட்டலீங்க மகாராஜா, நானேதான் கட்டிக்கிட்டேன். சிட்டையன் அண்ணன் வந்தாரு. நீ யாருக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்னு கேட்டாரு. விமானத்தைக் கொத்தரு கட்டினாத்தானே நான் சுதை பூச முடியும்? கொத்தருக்காகன்னு சொன்னேன். அப்படின்னா ஒரு முனையை உன் இடுப்புல கட்டு, மறு முனையை அவரு இடுப்புல கட்டிட்டு உட்காருன்னாரு. அவ்வளவுதாங்க."

"வேறு ஒன்றும் கேட்கவில்லையா?"

"ஊஹூம். அந்த ஒரே கேள்விதான்."

ராஜாவின் கண்கள் விரிந்தன. கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டே கொத்தரிடம் போனார்.

"நீ?"

"மேல்தளக் கல்லு ஏறணுங்க. பின்னாடிதான் செங்கல் வைக்க முடியும். அந்தா, தளக்கல்காரரோட கட்டியிருக்கேன்."

தளக்கல்காரர் தூண்காரரைக் காட்டினார். தூண்காரர், "பீடம் இல்லாம தூணை எங்க நிறுத்துறது? காத்துலயா?" என்று எரிந்து விழுந்து, கேட்டது ராஜா என்று கண்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். வண்டிக்காரர்கள், சாரம் கட்டுகிறவர்கள், சுண்ணாம்பு அரைக்கிறவர்கள், ஏன், மேளக்காரர்கள் இடுப்பில்கூட ஒரு கயிறு இருந்தது. "இவங்க வேலை செய்ய ஆரம்பிச்சாத்தானே நாங்க தாளத்தை மாத்த முடியும்?" என்றார்கள் அவர்கள்.

எல்லாக் கயிறும் சுற்றிச் சுற்றி ஓர் இடத்துக்கு வந்தன. குளத்தின் நட்டநடுவே, பீடத்துக்குக் குழி வெட்டின இடத்தில், வயிரவ ஆசாரி நின்றுகொண்டிருந்தார். அவர் இடுப்பைச் சுற்றி அத்தனை முடிச்சு.

"ஆக, நீர்தானா ஆசாரியாரே!" என்றார் ராஜா.

ஆசாரி கொஞ்சம் திரும்பி நின்றார். அவர் முதுகுப்பக்கத்திலிருந்து ஒற்றைக் கயிறு கிளம்பிக் குளத்துப் படியேறி வெளியே போயிருந்தது.

"இது யாரிடம் போகிறது?"

"மன்னிக்கணும், மகாராஜா. அதை நான் வாயால சொல்லப்படாதுங்க. கயித்தோட போனா தெரியும்."

"சொல்லக் கூடாதா? ஏன்?"

ஆசாரி கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. "பிள்ளைகுட்டிக்காரனுங்க நான்" என்றார்.

ராஜா சும்மா இருப்பாரா? கயிற்றைப் பிடித்தார், நடந்தார். கயிறு குளத்துப் படியேறிக் கடைத்தெருவுக்குள் போயிற்று. பின்னால் ஊர் திரண்டு வந்தது. மோர் விற்கிற அம்மாள் ஒருத்தி குனிந்து பானையைத் துடைத்துக்கொண்டே, "எந்தக் கட்டையில போறவன்டா கடைக்குக் குறுக்கே கயித்தைக் கட்டினது? காலையிலேருந்து தடுக்கி விழுறேன்" என்று திட்டினாள். ராஜா கயிற்றை அவள் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, "கொஞ்சம் பொறு அம்மா, எங்கே முடிகிறது என்றுதான் நானும் பார்க்கப் போகிறேன்" என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பாவம், பானை கை நழுவிவிட்டது.

கடைத்தெருவைத் தாண்டியது கயிறு. தேர்முட்டியைத் தாண்டியது. ராஜா வியர்வையைத் துடைத்துக்கொண்டு தலையைத் தூக்கினால் எதிரே அவருடைய அரண்மனை வாசல். காவல்காரர்கள் ஈட்டியைத் தூக்கி வழிவிட்டார்கள். "என் வீட்டுக்குள்ளேயா?" என்று ராஜாவுக்குப் பகீரென்றது. நடை இன்னும் வேகமாயிற்று. முற்றத்தைத் தாண்டி, நேரே சபைக்குள் போய், ஓர் ஆசனத்தின் காலில் கயிறு முடிந்தது. அந்த ஆசனத்தில் தாடியைத் தடவியபடி உட்கார்ந்திருந்தவர் பிரதானி மழவராயர். பக்கத்தில் சிட்டையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மழவராயரே!" ராஜாவின் குரலில் சபை அதிர்ந்தது. "என் மண்டபத்தை நிறுத்தி வைத்தவர் நீர்தானா? இவரைக் கட்டுங்கள்! கசையைக் கொண்டு வாருங்கள்!"

மழவராயர் குனிந்து பார்த்தார். முடிச்சைக் கண்டதும் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. "அரசே! நான் நிரபராதி! ஆசாரி வந்து வந்து என்னிடம் கேட்டது உண்மை. நான் என்ன செய்வேன், அதைத் தீர்க்க வேண்டியவன் நானில்லை!"

"அப்படியானால் ஆசாரி சோம்பேறி என்றீரே?"

மழவராயர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். அப்போது சிட்டையன் ஒரு கயிற்றுச் சுருளை இரண்டு கையாலும் ஏந்தி, வெகு மரியாதையாக அவர்முன் நீட்டினார்.

"பதறாதீர்கள், பிரதானியாரே. குளத்தில் எல்லாருக்கும் கொடுத்தது போல உங்களுக்கும் ஒன்று. நீங்கள் யாருக்காகக் காத்திருக்கிறீர்களோ அவரிடம் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள், நீங்கள் தப்பித்தீர்கள். காத்திருக்க யாருமில்லை என்றால் கயிறு உங்களோடு நின்றுவிடும். கசையும் வந்துவிட்டது."

மழவராயர் கயிற்றை வாங்கினார்.

"ம், கட்டும்!" என்றார் அரியணையில் ஏறி உட்கார்ந்த ராஜா, முன்னால் சாய்ந்துகொண்டு. "யாரோடு கட்டப் போகிறீர் என்று நான் பார்க்க வேண்டும்."

மழவராயர் ஓர் அடி வைத்தார். அந்தப் பக்கத்து அதிகாரிகள் எல்லாரும் 'என்னிடம் வந்துவிடாதே' என்பது போலக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அவர் சேனாதிபதியைத் தாண்டினார். பொக்கிஷக்காரரைத் தாண்டினார். அரியணைப் படிக்கு வந்தார். ராஜா சட்டென்று திரும்பித் தமக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். சாமரம் வீசுகிற பெண்கள் இருவரும் மிரண்டு தலையை ஆட்டினார்கள். முன்னே திரும்பியபோது மழவராயர் தரையில் விழுந்து கிடந்தார். கயிற்றின் முனை ராஜாவின் பாதத்துக்கு முன்னால் இருந்தது.

சிட்டையன் கண்ணை மூடிக்கொண்டார். மனசுக்குள் குலதெய்வத்துக்கு ஒரு கிடாவே நேர்ந்துகொண்டார்.

"நானா?" என்றார் ராஜா. "நான் என்ன செய்தேன்? ஆசாரி என்னிடம் என்ன கேட்டார்?"

யார் சொல்வார்? சொன்னால் அதே கேள்வியை இரண்டாம் தடவை கேட்டதாகிவிடுமே! ராஜா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். ஒவ்வொருவரும் தரையைப் பார்த்தார்கள். அவர் நெற்றியைத் தேய்த்தார், மீசையை இழுத்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அலுத்துப்போய் அண்ணாந்தார். தூணில் பட்டுக் குஞ்சத்தோடு அந்த நெருப்புக்கோழி முட்டை தொங்கியது.

முட்டை. தட்டிப் பார்த்தேன். காதில் வைத்தேன். அப்போது யாரோ பக்கத்தில் சந்தன மண்டபத்தை வைத்துக்கொண்டு...

"படி!" என்று துள்ளி எழுந்தார் ராஜா. "படி எந்தத் திசையில் என்று கேட்டார்! நான் பார்க்கலாம் என்றேன்!"

"படி எங்கே என்று தெரியாமல் பீடத்துக்கு முதல் கல் வைக்க முடியாதாம், மகாராஜா" என்றார் சிட்டையன் மெல்ல. "பீடம் இல்லாமல் தூண் இல்லை. மிச்சத்தை நீங்களே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்."

"கிழக்கே!" என்று ராஜா கத்தினார். "கிழக்கே வையுங்கள்! ஓடுங்கள், போய்ச் சொல்லுங்கள்!"

வாசலில் நின்ற கூட்டம் அந்தச் சொல்லைத் தெருவுக்குக் கொண்டுபோயிற்று. தெரு குளத்துக்குக் கொண்டுபோயிற்று. கொஞ்ச நேரத்தில் உளிச் சத்தம் அரண்மனை வரைக்கும் கேட்டது.

ராஜா குனிந்து அந்தக் கயிற்று முனையை எடுத்தார். தம் காலிலிருந்த வீரக்கழலில் தாமே முடிச்சுப் போட்டார். எல்லாரும் திடுக்கிட்டார்கள்.

"ஒருத்தரும் கட்டவில்லை, நானேதான் கட்டிக்கொண்டேன்" என்றார் சுதைக்காரரின் குரலிலேயே. "சிட்டையா, உச்சிப்பொழுது ஆகவில்லை. குற்றவாளி சபையில் கயிற்றோடு இருக்கிறான். நீ ஜெயித்துவிட்டாய். தண்டனை கசையடி என்று பிரதானியார் சொன்னார். யார் அடிக்கப் போகிறீர்கள்?"

மழவராயர் எழுந்த வேகத்தில் மறுபடி விழுந்தார்.

"மகாராஜா, அதைவிட வலிக்கிற தண்டனை ஒன்று இருக்கிறது" என்றார் சிட்டையன். "இனிமேல் யார் வேண்டுமானாலும் உங்களிடம் ஒரே கேள்வியை மறுபடியும் மறுபடியும் கேட்கலாம். நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்."

"ஐயோ, கசையே தேவலையே!" என்றார் ராஜா. ஆனாலும் சம்மதித்தார். தினமும் காலையில், பதில் கிடைக்காமல் கிடக்கிற கேள்விகளை எல்லாம் ராஜாவிடம் விடாமல் கேட்பது பிரதானியின் வேலை என்றும் உத்தரவு போட்டார். பாவம் மழவராயர், அதன்பிறகு மற்றவர்மேல் பொறாமைப்பட அவருக்கு நேரமே கிடைக்கவில்லை.

வயிரவ ஆசாரியும் ஆட்களும் மழையோடு போட்டி போட்டார்கள். விமானத்தில் பூசிய சுதை காய்ந்ததுதான் தாமதம், வானம் கொட்டியது. குளம் நிரம்பியது.

தெளிந்த ஒரு காலையில் ராஜா சிட்டையனையும் கூட்டிக்கொண்டு பரிசலில் போய், கிழக்குப் படியில் ஏறி மண்டபத்தில் உட்கார்ந்தார். ஆசாரிக்கு முந்தின நாளே பட்டும் நிலமும் கொடுத்தாகிவிட்டது. ராஜா குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கெண்டை மீன்கள் கூட்டமாக வந்து படியில் படிந்த பாசியைக் கொத்தின.

"மகாராஜா, அடியேனுக்கு ஏதோ பரிசு என்று சொன்னீர்கள்..." என்றார் சிட்டையன்.

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார் ராஜா, மீனைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

சிட்டையன் மடியிலிருந்து ஒரு சின்னக் கயிற்றை எடுத்தார். ஒரு முனையைத் தம் இடுப்பில் கட்டினார். மறு முனையைக் கொண்டுபோய் ராஜாவின் கழலில் முடிந்துவிட்டு, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

காலில் ஏதோ இழுபடவே ராஜா திரும்பிப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார், அது போன வழியே சிட்டையனைப் பார்த்தார். ராஜா சிரித்த சிரிப்பில் படியோரத்து மீனெல்லாம் சிதறி ஓடின. சிரித்துக்கொண்டே கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி, ஆசைப்பட்ட மீன்களையும் மறந்து, சிட்டையன் கழுத்தில் போட்டார்.